புகார் யாரிடம் போக வேண்டும்? இளையோர் அமைப்புகளுக்கான குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்கள்: ஓர் ஒப்பீடு

சாரணர் குழு, விளையாட்டுக் கழகம், விடுமுறை முகாம், சமயக் கல்வி வகுப்பு, இசைப் பயிற்சி மன்றம் என இளையோர் அமைப்புகள் பல வடிவங்களில் இருந்தாலும் அவற்றுக்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. பெற்றோர் தம் குழந்தையை, தாம் அதிகம் அறியாத ஒரு பெரியவரின் பொறுப்பில், தம் கண் படாத இடத்தில் விட்டுச் செல்கிறார்கள். பள்ளிக்கூடத்தைக் கண்காணிக்கக் கல்வித்துறை இருக்கிறது. ஆசிரியருக்குப் பணிவிதிகள் இருக்கின்றன. இளையோர் அமைப்புகளிலோ பொறுப்பில் இருப்பவர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர். அவரைத் தேர்ந்தெடுப்பவர்களும் அவருடைய நண்பர்களாகவோ உடன் தொண்டாற்றுபவர்களாகவோ இருப்பார்கள். அந்த நெருக்கமும் நம்பிக்கையுமே இந்த அமைப்புகளை நடத்திச் செல்கின்றன. குழந்தையைத் துன்புறுத்த நினைப்பவர் பற்றிக்கொள்வதும் அதே நம்பிக்கையைத்தான்.

இந்த ஆபத்தை எதிர்கொள்ளச் சட்டங்கள் பெரும்பாலும் நான்கு வழிகளை நாடியிருக்கின்றன. குழந்தைகளோடு பழக வருபவரின் பின்னணியை முன்பே சரிபார்ப்பது ஒன்று. பெரியவர் ஒருவரும் குழந்தை ஒன்றும் தனித்திருக்கும் சூழலையே தடுப்பது மற்றொன்று. சந்தேகம் எழுந்தால் வெளியில் உள்ள அதிகாரிக்குத் தெரிவிப்பதைக் கட்டாயக் கடமையாக்குவது மூன்றாவது. தவறிய நிறுவனத்தை நீதிமன்றத்தில் பதில் சொல்ல வைப்பதும், வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பை நீக்குவதும் நான்காவது. நான்கும் வேண்டும் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் சட்டம் இயற்றும் மன்றத்துக்கும், தன் விதிகளைத் திருத்தி எழுத அமரும் நிர்வாகக் குழுவுக்கும் எதை முதலில் செய்வது, எதில் சற்றும் விட்டுக்கொடுக்காமல் நிற்பது என்ற கேள்வி எப்போதும் இருக்கிறது. மூன்றாவது வழியே முதலில் வர வேண்டும் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை, மற்ற வழிகளின் வலிமையையும் குறையையும் மறைக்காமல் எடுத்துச் சொல்ல முயல்கிறேன்.

பெரும்பாலான அமைப்புகள் முதலில் நாடுவது பின்னணிச் சரிபார்ப்பைத்தான். அதற்கு நியாயமான காரணம் உண்டு. குழந்தைக்கு எதிரான குற்றத்துக்காக ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர், ஊர் மாறி, வேறொரு குழுவில் பயிற்சியாளராகச் சேர்வதைத் தடுக்க இதைவிட நேரடியான கருவி இல்லை. ஐரோப்பிய மன்றத்தின் 2007-ஆம் ஆண்டு லான்சரோட்டி உடன்படிக்கை, குழந்தைகளோடு இடைவிடாமல் பழகும் பணிகளுக்கு வருபவர்கள் இத்தகைய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களா என்று பார்க்கும்படி உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. இந்தியாவில், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வந்த 2020-ஆம் ஆண்டின் விதிகள், விளையாட்டுப் பயிற்சிக் கழகங்கள் உட்படக் குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தம் பணியாளர்களைக் காவல்துறை வழியாக அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்கின்றன.

இந்த வழியில் யாரைச் சரிபார்ப்பது என்பதே பெரிய சிக்கல். இந்திய விதியின் சொற்கள் பணியாளரையே குறிக்கின்றன. ஊதியமில்லாமல் வார இறுதியில் வந்து முகாம் நடத்தும் தன்னார்வலர் அந்தச் சொல்லுக்குள் தெளிவாக அடங்கவில்லை. கலிபோர்னியாவில் 2022 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் மணிக்கணக்கை வைத்து எல்லை வகுக்கிறது: மாதத்துக்கு 16 மணி நேரத்துக்கு மேல், அல்லது ஆண்டுக்கு 32 மணி நேரத்துக்கு மேல் குழந்தைகளோடு பழகும், 18 வயது நிறைந்த தன்னார்வலர் சரிபார்க்கப்பட வேண்டும். ஜெர்மனியின் சட்டம் மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கம் எத்தகையது, எவ்வளவு நெருக்கமானது, எவ்வளவு காலம் நீடிப்பது என்பதைக் கொண்டு, எந்தெந்தத் தொண்டுகளுக்குக் குற்றப் பதிவுச் சான்று கட்டாயம் என்பதை அமைப்புகளோடு ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளச் சொல்கிறது. இவ்விரண்டில் எனக்கு ஜெர்மானிய முறையே மேலாகத் தோன்றுகிறது. ஆண்டில் ஒரே ஒரு முறை வந்து, இரண்டு இரவுகள் குழந்தைகளோடு கூடாரத்தில் தங்குபவரின் மணிக்கணக்கு குறைவாக இருக்கலாம், ஆபத்து குறைவானதன்று.

எதைச் சரிபார்ப்பது என்பது அடுத்த சிக்கல். இங்கிலாந்தின் சோஹம் என்ற ஊரில் 2002-ஆம் ஆண்டு பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். கொன்றவர் ஒரு பள்ளியின் பராமரிப்புப் பணியாளர். வேறொரு பகுதியில் அவர் மீது முன்பே பல புகார்கள் எழுந்திருந்தன. ஆனால் அவற்றில் எதிலும் தண்டனை இல்லாததாலும், காவல்துறையின் பதிவுகள் ஒழுங்காகப் பேணப்படாததாலும், வேலைக்கு எடுத்தபோது அவை தெரியவரவில்லை. அதை ஆராய்ந்த பிச்சர்ட் விசாரணை 2004-இல் அறிக்கை அளித்தது. அதன் விளைவாக 2006-இல் வந்த சட்டம், குழந்தைகளிடம் பணிபுரியத் தடை செய்யப்பட்டோரின் பட்டியலை ஒரே இடத்தில் பேணும் முறையை உருவாக்கியது. அங்கே ஒருவரைக் குழந்தைகளுக்குத் தீங்கு செய்தார் என்பதற்காக நீக்கும் நிறுவனம், அந்தப் பட்டியலைப் பேணும் அமைப்புக்கு அதைத் தெரிவிக்கவும் சட்டத்தால் கடமைப்பட்டுள்ளது. தண்டனையை மட்டும் பார்க்கும் சரிபார்ப்புக்கும், இத்தகைய தகவல்களையும் உள்ளடக்கும் சரிபார்ப்புக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரியது.

இவ்வளவு செய்தாலும், பின்னணிச் சரிபார்ப்பு ஏற்கெனவே யாரோ ஒருவர் எழுத்தில் பதிந்ததை மட்டுமே காட்டும். குழந்தைகள் பெரும்பாலும் உடனே வாய் திறப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நிறுவனங்களில் நடந்த பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த அரச ஆணையம் தன்முன் தனியாகப் பேச வந்தவர்களைக் கேட்டபோது, தமக்கு நேர்ந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்ல அவர்களுக்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன. கால் நூற்றாண்டு யாருக்கும் தெரியாமல் கிடக்கும் குற்றத்தை எந்தப் பதிவேடும் காட்டாது. முகாமில் ஒரு குழந்தையை மூத்த மாணவன் துன்புறுத்தும் நிலையிலும் சரிபார்ப்பால் ஒரு பயனும் இல்லை. இன்னோர் ஆபத்தும் உண்டு: சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால், இனிக் கவலையில்லை என்ற எண்ணம் நிர்வாகக் குழுவில் வந்து அமர்ந்துவிடுகிறது.

தனித்திருப்பதைத் தடுக்கும் விதி இதற்கு நேர்மாறானது. அது யாருடைய கடந்த காலத்தையும் கேட்பதில்லை. எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில், வாகனத்தில், கூடாரத்தில் தனியாக இருக்கக் கூடாது. எந்த நிகழ்விலும் இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அமெரிக்கச் சாரணர் இயக்கம் இந்த இரு பெரியவர் விதியை 1980-களிலேயே தன் விதியாக ஏற்றது. மேலே சொன்ன கலிபோர்னியச் சட்டம், இயன்ற அளவுக்கு, புகார்க் கடமை உள்ள இருவராவது குழந்தைகளோடு இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க ஒலிம்பிக் விளையாட்டுகளைச் சார்ந்த அமைப்புகளில், பயிற்சியாளரும் சிறுவரும் பேசும் இடம் பிறர் பார்க்கக் கூடியதாகவும், வேண்டும்போது இடைமறிக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். கைப்பேசியில் குழந்தைக்கு அனுப்பும் செய்தியிலும் பெற்றோரோ வேறொரு பெரியவரோ சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்.

செலவே இல்லாமல் நாளைக் காலையே நடைமுறைப்படுத்தக் கூடியது இது என்பதால், சட்டத்துக்காகக் காத்திராமல் ஒவ்வோர் அமைப்பும் இதை ஏற்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தவறான குற்றச்சாட்டிலிருந்து நல்ல தன்னார்வலரைக் காப்பதும் இதே விதிதான். ஆனால் இதைச் சட்டமாக்கும்போது ‘இயன்ற அளவுக்கு’ என்ற சொல்லைத் தவிர்க்க முடிவதில்லை. இரண்டாவது பெரியவர் வரவில்லை என்பதற்காகக் குழந்தைகளை மழையில் நிறுத்த முடியாதே. அந்தச் சொல் நுழைந்ததும் விதி தளர்ந்துவிடுகிறது. மேலும், குழந்தையை வசப்படுத்துபவர் பல மாதங்களாகக் குடும்பத்தின் நம்பிக்கையையும் பெற்றுவிடுகிறார். அமைப்புக்கு வெளியே, குழந்தையின் வீட்டிலேயே, பெற்றோரின் அனுமதியுடனேயே அவர் தனித்திருக்கும் வாய்ப்பைப் பெறுகிறார். அமைப்பின் விதி அந்த வாசலைத் தாண்டிச் செல்லாது. விதி மீறப்படுவதைப் பார்த்த இன்னொரு தன்னார்வலர் அதை யாரிடம் சொல்வது என்பதற்கும் இதில் விடை இல்லை.

அந்த விடையைத் தர முயல்வது புகார்க் கடமை. இங்குதான் சட்டங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. அந்த வேறுபாடுகளில்தான் குழந்தைகளின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அங்கே கால்பந்துத் துணைப் பயிற்சியாளராக இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி, நலிந்த குடும்பத்துச் சிறுவர்களுக்காக 1977-இல் தொண்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, அதன் வழியாகவே சிறுவர்களைத் தன்னிடம் நெருங்க வைத்தார். 2001-இல் குளியலறையில் அவர் ஒரு சிறுவனோடு இருந்ததைக் கண்ட உதவியாளர் ஒருவர் தலைமைப் பயிற்சியாளரிடம் சொன்னார். தலைமைப் பயிற்சியாளர் தமக்கு மேலே இருந்தவரிடம் சொன்னார். செய்தி மேல்நிலை நிர்வாகம் வரை ஏறியது. காவல்துறைக்கோ குழந்தை நலத்துறைக்கோ அது போகவில்லை. சாண்டஸ்கி கைது செய்யப்பட்டது 2011-இல். 2012-இல் 45 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. அந்த உதவியாளர் சொன்னதற்கும் கைதுக்கும் இடையில் பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தக் காலத்தில் பென்சில்வேனியச் சட்டமே, நிறுவனத்தில் பணிபுரிபவர் தம் பொறுப்பாளரிடம் சொன்னால் போதும், பொறுப்பாளர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. 2014-இல் அது திருத்தப்பட்டது: சந்தேகம் கொண்டவரே நேரடியாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், பொறுப்பாளரிடம் சொல்வது அதன் பிறகுதான்.

இந்த ஒரு திருத்தத்தில் அடங்கியிருக்கும் பாடத்தை நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன். மேலிடத்துக்குச் சொல்வதும் வெளியே தெரிவிப்பதும் ஒன்றல்ல. மேலிடம் என்பது நிறுவனத்தின் நற்பெயரைக் காக்கும் இடம். குற்றம் சாட்டப்பட்டவரைப் பல ஆண்டுகளாக அறிந்த இடம். நன்கொடையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டிய இடம். அங்கே இருப்பவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்லவர்களும், முதலில் நாமே விசாரித்துப் பார்ப்போம், வீணாக ஒருவரின் வாழ்க்கையைக் கெடுக்க வேண்டாம் என்றே நினைப்பார்கள். அந்த நினைப்பில் குழந்தையின் இடம் எப்போதும் கடைசியில்தான் வருகிறது.

எனவே சட்டங்களை ஒப்பிடும்போது மூன்று கேள்விகளை முன்வைக்க வேண்டும்: கடமை யாருக்கு, யாரிடம் தெரிவிப்பது, எவ்வளவு நேரத்துக்குள். இந்தியாவின் போக்சோ சட்டம் 2012 முதல் கடமையை எல்லோர் மீதும் சுமத்துகிறது. அதன் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்த அல்லது நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தமக்குக் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். தெரிவிக்காத குழந்தைக்கு இந்தத் தண்டனை கிடையாது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்கும் கிடையாது. அமெரிக்காவில் 2018-இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசுச் சட்டம் கடமையை ஒலிம்பிக் சார்ந்த விளையாட்டு அமைப்புகளில் சிறுவரோடு பழக அனுமதி பெற்ற பெரியவர்கள் மீது வைத்து, 24 மணி நேரத்துக்குள் என்று காலத்தையும் வரையறுத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2014 முதல், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்திருப்பதாக நியாயமாக நம்பும் பெரியவர் எவரும் தக்க காரணமின்றிக் காவல்துறைக்குச் சொல்லாதிருப்பது குற்றம். அதோடு 2015-இல் இன்னொரு குற்றமும் சேர்ந்தது: அமைப்பில் அதிகாரம் உள்ள ஒருவர், தம் அமைப்பைச் சேர்ந்தவரால் குழந்தைக்குப் பெரும் ஆபத்து இருப்பதை அறிந்தும், தடுக்கும் ஆற்றல் இருந்தும் அலட்சியமாக இருந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. மறைத்ததற்கும் காக்கத் தவறியதற்கும் தனித்தனியே பெயரிட்ட இந்த முறையே சட்டத்தின் கூர்மையைக் காட்டுகிறது.

இதற்கு எதிரான வாதங்களை நான் இலேசாக எண்ணவில்லை. எல்லோர் மீதும் கடமை விழுந்தால், நம்பிக்கையான ஓர் அக்காவிடமோ ஆலோசகரிடமோ மனம் திறக்க நினைக்கும் குழந்தை, உடனே காவல்துறை வரும் என்று அஞ்சிச் சொல்லாமலே இருந்துவிடலாம். தண்டனைக்குப் பயந்து அற்பச் சந்தேகங்களையெல்லாம் அனுப்பிக் குவித்தால், உண்மையான புகார் அந்தக் குவியலில் புதைந்துபோகலாம். இந்த அச்சங்களுக்கு ஓரளவு விடை தருவது, காவல்துறைக்கு இணையாக நிறுவனத்துக்கு வெளியே தனியொரு மேற்பார்வை அமைப்பை ஏற்படுத்தும் முறை. ஆஸ்திரேலியாவின் இன்னொரு மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் 1999-இல் தொடங்கிய இம்முறையை விக்டோரியா 2017-இல் ஏற்றது. விக்டோரியாவில் அமைப்பின் தலைவர், தம் பணியாளர் அல்லது தன்னார்வலர் மீது குழந்தை தொடர்பான குற்றச்சாட்டு வந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் அந்த மேற்பார்வை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நாட்களுக்குள், விசாரணை எப்படி நடக்கிறது என்ற விவரத்தையும் அனுப்ப வேண்டும். குற்ற வழக்காக மாறாத, ஆனால் கவலைக்குரிய நடத்தையும் இதில் பதிவாகிறது. ஒரே மனிதர் மூன்று அமைப்புகளில் விட்டுச் சென்ற மூன்று சிறிய புகார்கள் ஒரே மேசையில் சேர்வது இவ்வழியில்தான். சோஹத்தில் இல்லாமற்போனது இதுவே.

அப்படியானால், குழந்தையின் நம்பிக்கைக்கு என்ன செய்வது? குற்றம் சாட்டப்பட்டவர் அமைப்பின் உள்ளே இருப்பவர் என்றால், எந்த விதிவிலக்கும் இருக்கக் கூடாது என்பதே என் நிலை. குழந்தையிடம் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காமல், ‘உனக்கு உதவக் கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்’ என்று முதலிலேயே சொல்லப் பழக்குவது பயிற்சியால் முடிகிற காரியம். அதே நேரத்தில், புகார் போகும் இடத்தில் குழந்தையை மென்மையாகக் கேட்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் இந்தக் கடமை குழந்தைக்கு இரண்டாவது துன்பமாக மாறிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடமையைச் சட்டமாக்கும் அரசு, அதைப் பெற்றுக்கொள்ளும் கைகளையும் பயிற்றுவித்தாக வேண்டும்.

நான்காவது வழி, நடந்த பிறகு கணக்குக் கேட்பது. அதன் ஆற்றலை அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் வரலாறு காட்டுகிறது. தகுதியற்றவர் என்று தள்ளப்பட்ட தலைவர்களைப் பற்றி அந்த இயக்கம் பல பத்தாண்டுகளாகத் தனக்குள்ளேயே ரகசியக் கோப்புகளை வைத்திருந்தது. 2010-இல் போர்ட்லாந்து நகர நடுவர் குழு, ஒரு வழக்கில் 1 கோடியே 85 லட்சம் டாலரைத் தண்டனை இழப்பீடாக விதித்தது. 2012-இல் ஓரிகன் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 1965 முதல் 1985 வரையிலான 1,200-க்கும் மேற்பட்ட கோப்புகள் வெளியாயின. நியூயார்க், கலிபோர்னியா முதலிய மாநிலங்கள் பழைய வழக்குகளுக்கும் காலவரம்பைத் தளர்த்திய பிறகு, 2020 பிப்ரவரியில் அந்த இயக்கம் திவால் பாதுகாப்பு கோரியது. 82,000 பேர் அளவில் உரிமை கோரினர். 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது.

வழக்குத் தொடுக்கும் காலவரம்பை நீக்குவதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். வாய் திறக்கவே ஏறக்குறைய 24 ஆண்டுகள் ஆகும் ஒருவருக்கு, சில ஆண்டுகளில் கதவை அடைக்கும் சட்டம் நீதியாக இருக்க முடியாது. விக்டோரியா 2015-இல் காலவரம்பை நீக்கியதோடு நில்லாமல், 2017 முதல், நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பை அமைப்பின் மீதே வைத்தது. காலவரம்பைத் தளர்த்திய கலிபோர்னியச் சட்டமோ மூடி மறைத்த நிறுவனத்திடம் மூன்று மடங்கு வரை இழப்பீடு பெற வழி செய்தது. காப்பீட்டு நிறுவனங்கள் பாதுகாப்பு விதிகளைக் கேட்கத் தொடங்குவதும் இத்தகைய பொறுப்பின் விளைவே. ஆனாலும் இது, குழந்தை வளர்ந்து பெரியவரான பின் வரும் நீதி. பணமில்லாத சிறு குழுவிடம் இழப்பீடு கேட்டும் பயனில்லை.

முடிவெடுக்க வேண்டியவர்கள் சட்டமன்றத்தில் இருந்தால் என் பரிந்துரை இது: அமைப்பில் உள்ள ஒவ்வொரு பெரியவருக்கும், தன்னார்வலர் உட்பட, நேரடியாக வெளியே தெரிவிக்கும் கடமையை 24 மணி நேர எல்லையோடு முதலில் எழுத வேண்டும்; மறைக்கும் தலைவருக்குத் தனிக் குற்றம் வகுக்க வேண்டும்; சிறு புகார்களைச் சேர்த்துப் பார்க்கும் மேற்பார்வை அமைப்பு அடுத்து வர வேண்டும். பின்னணிச் சரிபார்ப்பு அதற்குப் பிறகு வந்தால், அந்த மேற்பார்வை அமைப்பின் பதிவுகளையும் பார்த்து உண்மையான பயன் தரும். முன்னே வந்தால் வெறும் தண்டனைப் பட்டியலையே புரட்டிக்கொண்டிருக்கும். காலவரம்பு நீக்கத்துக்கு அரசுக்குப் பெரிய செலவில்லை என்பதால் அதை எதற்கும் காத்திராமல் செய்யலாம்.

நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கு வரிசை சற்று வேறு. இரு பெரியவர் விதியை இன்றே ஏற்கலாம். சட்டம் கேட்காவிட்டாலும், புகாரைத் தலைவரின் அனுமதியின்றி நேரே காவல்துறைக்கோ குழந்தை நல அமைப்புக்கோ கொண்டுசெல்ல ஒவ்வொருவருக்கும் உரிமையும் கடமையும் உண்டு என்று விதியில் எழுதி, அந்தத் தொலைபேசி எண்களைக் குழந்தைகள் பார்க்கும் சுவரில் ஒட்டலாம். உள்விசாரணை நடத்துவதென்றால், அதிகாரிகளுக்குத் தெரிவித்து அவர்கள் இசைந்த பிறகே நடத்த வேண்டும். அதுவரை குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைகளிடமிருந்து விலகி நிற்பது தண்டனையல்ல என்பதை எல்லோருக்கும் முன்பே புரியவைத்துவிட வேண்டும்.

இன்னொரு வேலை எஞ்சியிருக்கிறது. பல அமைப்புகள் அதைத் தொடவே தயங்குகின்றன. முன்னாள் தலைவர்களைப் பற்றிய பழைய கடிதங்கள், அவசரமாக ஏற்கப்பட்ட ராஜினாமாக்கள், காரணம் எழுதப்படாத நீக்கங்கள் அலமாரிகளில் இருக்கும். புதிய விதியை ஏற்கும் நாளிலேயே அவற்றை எடுத்து, அமைப்போடு தொடர்பில்லாத வழக்கறிஞர் ஒருவரை வைத்துப் படித்து, குழந்தைக்கு ஆபத்து தெரியும் ஒவ்வொன்றையும் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தத் தாள்களில் பெயர் உள்ளவர் இப்போது வேறொரு குழுவில் பயிற்சி தந்துகொண்டிருக்கலாம்.